நான்கு கன்னியர், நான்கு சீசா

ஜூன் 3, செவ்வாய்

புதிய நோட்டு. முதல் பக்கத்தில் வழக்கம்போல எழுதிவிட்டேன்: இது திருமதி அமலோற்பவம் சூசைமாணிக்கத்தின் சொந்த நோட்டு, பிறர் படிக்கக் கூடாது.

இன்று எனக்கு நேர்ந்ததை எழுதியாக வேண்டும். எங்கள் மலை ஊர் பண்ணைமேட்டில் இருப்பது பஸ் ஸ்டாண்ட் மருந்துக்கடை ஒன்றுதான். கடைக்காரரின் மகள் முபீனா பார்மசி படித்துவிட்டு வந்து இரண்டு மாதமாக அங்கே உட்காருகிறாள். செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு வயதானவர்கள் தங்கள் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவர வேண்டுமாம். எதை எப்போது சாப்பிடுவது, எது எதோடு சேராது என்று பார்த்து அவள் நோட்டில் குறித்துக்கொள்வாளாம். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அவள் பார்ப்பது கடை வாசல் பெஞ்சில். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் அங்கேதான் உட்காருகிறார்கள். காப்பிக்கொட்டை வியாபாரி பால்ச்சாமியின் பையைக் கொட்டியதும் பெஞ்சே வேடிக்கை பார்த்தது.

“சுகர் மாத்திரைய எப்பப் போடுறீங்க, மாமா?”

“ஜிலேபி திங்கிற அன்னைக்கு மட்டும் போடுவேன் தாயி.”

“அப்ப தெனமும் போடுறேன்னு சொல்லு,” என்றார் பக்கத்திலிருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்து என் பை. இதயத்துக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று என்று குறித்துக்கொண்டே வந்தவள், மூன்றாவது அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இது மனசுக்குக் குடுக்கிறதாச்சேம்மா. எத்தனை வருசமா சாப்பிடுறீங்க?”

பெஞ்சு இப்போது சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

அட்டைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

கடை திறக்கும்போதே போய் நின்றேன். வேறு யாரும் இல்லை. நான் குரலை உயர்த்தவில்லை, உயர்த்துவதும் இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “தப்புதாம்மா. யோசிக்காம கேட்டுட்டேன். இனிமே உள்ரூம்ல திரை போட்டுத்தான் எல்லாருக்கும் பாக்கப் போறேன்.”

“மற்றவர்களுக்குப் போடு. நான் வரமாட்டேன். என் மாத்திரையைப் பற்றி நீ யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. என் மகனிடம் கூடாது, என் வீட்டு வேலைக்காரியிடம் கூடாது, எந்த டாக்டரிடமும் கூடாது. சத்தியம் பண்ணு.”

“சத்தியமெல்லாம் வேணாம்மா. வார்த்தை குடுக்கிறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

இந்த ஊரை நான் அறிவேன். ஆறு வருடம் முன்பு போஸ்ட்மாஸ்டர் மனைவி ஜெசிந்தா இதே மாதிரி ஒரு மாத்திரை சாப்பிடுவது வெளியே தெரிந்துவிட்டது. கோயில் பாடகர் குழுவில் ‘கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள்’ என்றார்கள். மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நின்றது. மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ அவள் கையில் அட்டையைப் பார்த்து யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள்.

மகன் எட்வினுக்குத் தெரிந்தால் மஸ்கட்டிலிருந்து அடுத்த விமானத்தில் வந்து வீட்டைப் பூட்டி என்னைச் சென்னை பிளாட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவான். காலமான என் கணவரின் வீடு இது. நான் பூட்ட விடமாட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

நல்ல வேலை ஒன்று செய்தேன். அவர் ஹோமியோபதி மருந்து வைத்திருந்த சீசாக்களைக் கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்தினேன். மாத்திரைகளை எல்லாம் பிதுக்கி அவற்றில் நிரப்பினேன். வெற்று அட்டைகளை வெந்நீர் அடுப்பில் எரித்தாயிற்று. பெயர் இருந்தால்தானே யாரும் படிப்பார்கள்?

சீசாவுக்கு ஒரு பெயர் வேண்டுமே. நான் படித்த கான்வென்ட் கன்னியாஸ்திரிகளின் பெயர்களை ஒட்டினேன். இதயத்துக்கானவர் மதர் யூஜின். கையில் பிரம்பைத் தட்டி எங்களைத் தாளம் தப்பாமல் நடக்க வைத்தவர். அழுத்தத்துக்கானவர் சிஸ்டர் பெர்னதெத். யாருக்குக் கோபம் வந்தாலும் அடக்குவார். மூன்றாமவர் சிஸ்டர் ஆஞ்செலா. அவர் சிற்றாலயத்தில் தனியாக அழுவதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் 11, புதன்

வீரம்மா அலமாரியைத் துடைக்கும்போது, “இதெல்லாம் யாரும்மா?” என்று சீசாக்களைக் கேட்டாள். “என் டீச்சர்கள்,” என்றேன். “அம்புட்டுப் பேரையுமா அடைச்சு வச்சுட்டீக?” என்று சிரித்தாள். எட்டாவது வரை படித்தவள். படிக்காமல் இருந்திருந்தால் இன்னும் வசதி.

ஜூன் 24, செவ்வாய்

மதுரையில் இதய டாக்டர். காத்திருந்தது மூன்று மணி நேரம், பார்த்தது நான்கு நிமிடம். பழைய மாத்திரை மூன்று மாதத்துக்கு இருப்பு இருக்கிறது என்றேன். “நல்லது” என்று தலையசைத்து எழுதிக்கொடுத்தார். பட்டியலில் ஒரு புதிய பெயர். பழைய இதய மாத்திரையின் பெயர் இல்லை. இருப்பு இருப்பதால் எழுதவில்லை போலும். வெளியே இருபது பேர் நிற்கும்போது கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குபவள் அல்ல நான்.

வரும் வழியில் வத்தலக்குண்டில் இறங்கி மருந்துக்கடையில் கேட்டேன். அங்கே அது இல்லை.

ஜூன் 26, வியாழன்

வேறு வழியில்லாமல் வீரம்மாவிடம் சீட்டுக் கொடுத்து பஸ் ஸ்டாண்ட் கடைக்கே அனுப்பினேன். சீட்டில் மருந்தின் பெயர் மட்டும். என் பெயர் இல்லை. இருந்தும் முபீனா கண்டுபிடித்துவிட்டாள்; வீரம்மா வந்து சொன்னாள்.

“உங்க கையெழுத்து கோலம் போட்ட மாதிரி இருக்குமாம்மா, அதவச்சுக் கண்டுக்கிருச்சு அந்தப் புள்ள. பழச நிறுத்தச் சொல்லிட்டாகளான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாதுன்னேன். அம்மாவ ஒரு எட்டு வரச் சொல்லுங்கன்னுச்சு.”

வேலைக்காரியிடம் பேசக் கூடாது என்று சொல்லி முழுதாக ஒரு மாதம் ஆகவில்லை. வீரம்மா கையிலேயே ஒரு குறிப்புக் கொடுத்தனுப்பினேன்: இனி ஒரு சொல் என்றாலும் மேலிடத்துக்குப் புகார் எழுதிப்போடுவேன்.

புதியவருக்கு மதர் ஜெர்மேன் என்று பெயர் வைத்தேன். கடைசி வருடத்தில் புதிதாக வந்த தலைமைக் கன்னி. அட்டை அடுப்புக்குப் போனது. மதர் யூஜினும் மதர் ஜெர்மேனும் காலை எட்டு மணிக்குச் சேர்ந்து வருகிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வீரம்மா எண்ணெயை மாற்றியிருக்கிறாள். இல்லை என்று சாதிக்கிறாள். ரசத்தின் வாசனையே குமட்டுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

தலையணை உறைகளைக் கொடியிலிருந்து எடுத்தேன். பழுப்பு. இல்லை, மஞ்சள். என் வீட்டு வெள்ளை இந்தத் தெருவுக்கே தெரியும். வீரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“வெள்ளையாத்தானம்மா இருக்கு?”

“எனக்குக் கண் இருக்கிறது. மஞ்சள் கையோடு துவைத்தாயா?”

“மஞ்ச தொட்டே ரெண்டு நாளாச்சு. நீங்கதான் கொழம்பே வேணாங்கிறீகளே.”

மறுபடி துவைக்க வைத்தேன். மறுபடியும் மஞ்சள்.

ஜூலை 17, வியாழன்

பாலும் மஞ்சள். பால்காரனை மாற்ற வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

கோயில் பீடத்துணிகளை வெளுத்துக் கொடுப்பது பத்து வருடமாக என் பொறுப்பு. இந்த முறை வீரம்மாவைத் தொட விடாமல் நானே நீலம் போட்டு அலசினேன். நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. அப்படியும் கறை போகவில்லை. வெட்கத்தோடுதான் கொண்டுபோனேன். பங்குச்சாமியார் பிரித்துப் பார்த்து, “பனி மாதிரி வெள்ளைம்மா,” என்றார். பாவம், அவருக்கும் கண் போய்விட்டது.

எட்வின் பேசினான். “குரல் ஏன் களைப்பா இருக்கு?” என்றான். லைன் சரியில்லை என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

முபீனா வீட்டுக்கே வந்துவிட்டாள். கேட்டைத் திறக்காமல் பேசினேன். பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி சுவருக்கு அந்தப்பக்கம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் உருவுவதை நிறுத்திவிட்டாள்.

“உள்ள வந்து ரெண்டே நிமிசம் பேசணும்மா.”

“இங்கேயே சொல்.”

அவள் சுவரைப் பார்த்தாள். “இங்க சொல்ல முடியாதும்மா. நீங்கதான யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னீங்க.”

“மருந்துக்கடைக்காரி வீட்டுக்குள் வந்து போனால் ஊர் என்ன நினைக்கும்?”

“சரி, மெலிஞ்சு போயிருக்கீங்களே, சாப்பிடுறீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

“என்ன முபீனா, அக்காவுக்கு ஒடம்புக்கு என்ன?” என்றாள் ஞானசௌந்தரி, சுவருக்கு மேலே முழுத் தலையையும் நீட்டி.

“ஒண்ணுமில்லக்கா. பாக்கி மருந்து சம்பந்தமா வந்தேன்.”

பொய் சொல்லத் தெரியாத முகம். போகச் சொன்னேன். கேட்டுத் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்தாள். பிறகு போனாள். திரும்பி வருகையில் வாசற்படியில் எனக்குத் தலை சுற்றியது. வெயில்.

ஜூலை 25, வெள்ளி

தபாலில் ஒரு உறை. நான்கு பக்கமும் செலோடேப் ஒட்டி, மேலே ‘அம்மா மட்டும் பிரிக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண்தான். மன்னிப்புக் கடிதமாக இருக்கும். படித்தால் பதில் எழுத வேண்டும். பதில் எழுதினால் மன்னித்ததாக ஆகிவிடும். ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

ஜூலை 29, புதன்

மதர் யூஜின், மதர் ஜெர்மேன் இருவரையும் எட்டு மணிக்குத் தவறாமல் சந்தித்தேன். வேறு எதையும் சாப்பிடவில்லை.

ஜூலை 30, புதன்

நேற்றுச் செவ்வாய். புதன் என்று எழுதியிருக்கிறேன். அறுபது வருடத்தில் கிழமை தவறியதில்லை. அடித்துத் திருத்த மனமில்லை, கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 2, சனி

வீரம்மாவை நிறுத்திவிட்டேன்.

அவருடைய வேட்டியை நான் வருடத்துக்கு ஒருமுறை எடுத்து வெயில் காட்டி மடித்து வைப்பேன். இன்று எடுத்தால் அதுவும் மஞ்சள். நான் பெட்டியில் பூட்டி வைத்த வேட்டி. “சாவி எடுத்தாயா?” என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். “பன்னெண்டு வருசம் சோறு தின்ன வீடு. பொய் சொன்னா நாக்கு அழுகிப்போகும். அய்யா போனதுக்கப்புறம் அவுக வேட்டிய நான் கண்ணால கண்டதில்ல. நீங்க என்னத்தையோ தின்னு ஒடம்பக் கெடுத்துக்கிறீகம்மா. அந்தக் கன்னியாஸ்திரி டப்பாவ ஒரு ஆளுகிட்ட காட்டுங்க.”

“போ,” என்றேன்.

கேட்டருகே நின்று சத்தமாக, “கஞ்சி அடுப்புல இருக்கு. எறக்கி வச்சுருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கஞ்சி கூட வயிற்றில் நிற்கவில்லை. விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது, மாதா சுரூபத்துக்கு இருப்பதுபோல. அழகாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

வீடு மிகவும் அமைதி. நாற்காலியிலிருந்து எழ இரண்டு முயற்சி ஆகிறது.

ஜெசிந்தாவைப் பற்றி ஜூனில் எழுதியதைப் படித்தேன். ‘யாரோ யாரிடமோ’ என்று எழுதியிருக்கிறேன். மதர் யூஜின் இருந்திருந்தால் அந்த இரண்டு சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு போட்டிருப்பார்.

நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். சுவர் ஓரம் நின்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முபீனா கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன். எழுந்து போவதற்குள் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையும் இன்றுதான். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்; ஞானசௌந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவளுடைய கை எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

பத்தொன்பது சிறுமிகள் ஜோடி ஜோடியாக வந்தார்கள். கவுன், கையுறை, தலையில் முக்காடு, கையில் லீலிப்பூ. எல்லாம் மஞ்சள். யார் இப்படி ஏற்பாடு செய்தது என்று எனக்குக் கோபம் வந்தது.

“புதுநன்மைக்கு யாராவது மஞ்சள் கவுன் போடுவார்களா?” என்று ஞானசௌந்தரியின் காதில் கேட்டேன்.

“மஞ்சளா? எங்கக்கா?”

“அதோ, எல்லாப் பிள்ளையும்.”

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “பால் மாதிரி வெள்ளையால்ல இருக்கு,” என்றாள் மெதுவாக.

சாமியார் அப்பத்தை உயர்த்தினார். அதுவும் மஞ்சள்.

பத்தொன்பது கவுனையும் வீரம்மா துவைக்கவில்லை.

அதே நாள், பதினோரு மணி

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று முழுதாக நினைவில்லை. ஞானசௌந்தரி என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, “எட்வினுக்குப் போன் போடவாக்கா?” என்றாள். வீரம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“ஜெபப் புத்தகத்தில் ஒரு உறை இருக்கிறது. பிரி.”

“அம்மா மட்டும் பிரிக்கவும்னு போட்டுருக்கு.”

“அம்மாவுக்கு எழுத்துத் தெரியவில்லை. நீ படி.”

வீரம்மாவுக்கு மனத்துக்குள் படிக்க வராது. எழுத்தைக் கூட்டிக் கூட்டி, உரக்கத்தான் படிப்பாள். ஜன்னல் திறந்திருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.  அவள் படித்ததை மறப்பதற்குள் இங்கே எழுதுகிறேன்.

‘அன்புள்ள அம்மாவுக்கு, கொடுத்த வார்த்தையை மீறக்கூடாது என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். ஜூன் 3 அன்று உங்கள் பையில் நான் பார்த்த இதய மாத்திரையும், ஜூன் 26 அன்று நீங்கள் சீட்டு எழுதி வாங்கியதும் ஒரே மருந்து. டிஜாக்சின். கம்பெனி வேறு, அட்டையில் பெயர் வேறு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு இரண்டு மடங்காகி உடம்பில் தேங்கிவிடும். பசி போகும். குமட்டும். வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரியும். நாடி குறையும். இதில் எது இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளை என்று தள்ளாதீர்கள். விற்கும்போதே உங்களைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். முபீனா.’

மூன்று வாரம். மாதா பிரார்த்தனைக்கும் நல்ல மரண ஜெபத்துக்கும் நடுவில் இருந்திருக்கிறது.

வீரம்மா கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பஸ் ஸ்டாண்டு வரை செருப்பில்லாமல் ஓடினாளாம்.

பதினொன்றே முக்கால்

முபீனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். எத்தனை என்று கேட்டேன்.

“அப்பறமா சொல்றேம்மா.”

“நான் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். சொல்.”

“முப்பத்தெட்டு.”

மதர் யூஜினின் பிரம்பு நின்று நின்று தட்டுகிறது. இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு வரி எழுத முடிகிறது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக பால்ச்சாமியின் ஜீப் வருகிறதாம். மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம். “அங்க கேப்பாங்கம்மா, என்னென்ன மாத்திரைன்னு. சீசால எல்லாமே வெள்ளையா இருக்கு. எது எது, எப்ப இருந்துன்னு நான் சொல்லலாமா?” என்று கேட்டாள். இப்போதும் அனுமதி கேட்கிறாள்.

சொல்வதற்குப் பதில் எழுதுகிறேன். கோடு தெரியவில்லை; பழக்கத்தில் கை போகிறது.

மதர் யூஜின்: டிஜாக்சின். நான்கு வருடமாக.

மதர் ஜெர்மேன்: டிஜாக்சின். ஜூன் 27 முதல், யூஜினோடு சேர்த்து, தினமும். இன்று காலை எட்டு மணிக்கும்.

சிஸ்டர் பெர்னதெத்: ரத்த அழுத்தம்.

சிஸ்டர் ஆஞ்செலா: மனத்துக்கு. எட்டு வருடமாக, அவர் போனதிலிருந்து. மருந்துக்கடையில் ஜெசிந்தாவின் கையில் இருந்த அட்டை என்ன மாத்திரை என்று ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்தது. அதே அட்டைதான் என் பைக்குள்ளும் இருந்தது.

இந்த நோட்டை முபீனாவிடம் கொடுக்கிறேன். டாக்டர் ஜூன் 3லிருந்து படிக்கட்டும். முதல் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

வேட்டிக்கு வீரம்மா காரணம் இல்லை. எட்வின் இதைப் படித்தால் அவளிடம் அதைச் சொல்ல வேண்டும். நானே சொல்லியிருப்பேன், அவள் என் சேலையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், குறுக்கே பேசினால் அதட்டுகிறாள்.

தெருவில் ஜீப் சத்தம். வாசலில் ஆள் கூடிவிட்டது. சுவருக்கு மேலே ஞானசௌந்தரியின் முகம். ஜன்னலைச் சாத்தவா என்று முபீனா கேட்கிறாள்.

வேண்டாம் என்றேன்.